ஹெர்ரிங் போட்ட ஹாட்டிஷ்

சமையல் நிபுணர் வாயில் வைத்ததைக் கைத்துணியில் துப்பினார். கடைக்காரி மார்லிஸ் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வெளியூர்க்காரரு, பாவம். நாக்குக்கு இன்னும் பழகல," என்றாள் கேமராவைப் பார்த்து.

கவுண்டரில் உட்கார்ந்திருந்த நாங்கள் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம்.

நொடித்துப்போன உணவகங்களைத் தூக்கி நிறுத்தும் அந்த டிவி நிகழ்ச்சியைப் பார்க்காத வீடு எங்கள் மினசோட்டா மாநிலத்தில் கிடையாது. நிபுணரின் பெயர் ரிக் கால்டர். வருவார், தின்பார், துப்புவார், கத்துவார். கடைக்காரர் அழுதுகொண்டே, ஆமாம், என் சாப்பாடு மோசம்தான் என்று ஒப்புக்கொள்வார். அதன் பிறகுதான் வாசலில் நிற்கும் லாரியைத் திறப்பார்கள். புது அடுப்பு, புது மேசை, புதுப் பெயர்ப்பலகை எல்லாம் அதற்குள் இருக்கும்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் லாரி அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அன்றைக்கு லாரி காலையிலிருந்து வாசலில் நின்றது. அது திறக்காவிட்டால் ஏரி உறைவதற்குள் மார்லிஸும் அவள் கணவன் டெல்மரும் கடையை மூடியாக வேண்டும். ஊருக்கே இருப்பது இந்த ஒரு கடைதான். மூடிவிட்டால் நாங்கள் அவரவர் வீட்டில், அவரவர் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டிவரும். நினைக்கவே பயமாக இருந்தது.

சிக்கல் எல்லாம் ஹாட்டிஷில்தான். கொத்துக்கறி, டப்பாக் காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள். அடுப்புக்குள் தள்ளினால் தானே வெந்துவிடும். எங்கள் பக்கத்தில் அதைக் கெடுக்க யாராலும் முடியாது. மார்லிஸால் முடிந்தது. நடுவில் ஓர் அடுக்கு, காடியில் ஊறிய ஹெர்ரிங் மீன் வைப்பாள்.

ஒருமுறை சாப்பிட்டவர்கள் மறுமுறை காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஒருவரும் வாய்திறந்து சொன்னதில்லை. எங்கள் ஊர் அப்படி. வீடு பற்றி எரிந்தாலும் இன்றைக்குக் கொஞ்சம் வெக்கை என்றுதான் சொல்வோம். சமைத்தவள் முகத்துக்கு நேரே குறை சொன்னவன், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் யார் பக்கத்தில் போய் உட்காருவான்?

ரிக் ஆள் ஆளாக மைக்கை நீட்டிக்கொண்டு வந்தார்.

"பரவாயில்ல," என்றார் பாதிரியார்.

"இதைவிட மோசமாச் சாப்பிட்டிருக்கேன்," என்றான் தபால்காரன் கோர்டி. எங்கள் ஊரில் அது பாராட்டு.

என்னிடம் வந்தபோது, ஏரியில் இந்த வாரம் மீன் நன்றாகச் சிக்குகிறது என்று சொல்லிவைத்தேன்.

வெளியே லாரிக்காரர் இஞ்சினைக் கிளப்பினார்.

மார்லிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா? ஒரு ஆளாவது குறை சொன்னாங்களா? இதோ நிக்கிறானே என் புருஷன், கல்யாணம் ஆன வாரத்துலேருந்து இதைத்தான் தின்னுட்டிருக்கான். அவனைக் கேளுங்க."

மைக் டெல்மரிடம் போனது.

டெல்மர் எங்களிலேயே வாயில்லாப் பூச்சி. காது இரண்டும் சிவந்துவிட்டன. ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தான். பழைய அடுப்பின் கதவு சரியாக மூடாததால், மார்லிஸ் அதைக் கயிற்றால் கட்டிவைத்துச் சமைப்பதைத் தினமும் பார்க்கிறவன் அவன்.

தொப்பியைக் கழற்றினான்.

"நல்லா இல்ல," என்றான். "ஒரு நாளும் நல்லா இருந்ததில்ல. மன்னிச்சுக்கோ, மார்லிஸ்."

கோர்டியின் காபிக் கரண்டி கீழே விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை. முப்பது வருஷக் குடித்தனம் எங்கள் கண்ணெதிரே முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கேமரா மார்லிஸின் முகத்தருகே போனது. ரிக் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

மார்லிஸ் அழவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பாடா," என்றாள். "எனக்கும் அந்த மீனைக் கண்டாலே ஆகாது. மோசம்னா மோசம், அப்படி ஒரு மோசம். கல்யாணமான புதுசுல ஒருநாள் மீன் பாட்டில் கைதவறி உள்ள கவுந்துடுச்சு. நீதான் தட்டை வழிச்சுத் தின்னுட்டு, இன்னும் கொஞ்சம் போடுன்னு கேட்ட. அன்னிலேருந்து உனக்காகத்தானே போட்டுட்டிருக்கேன்."

"உன் மூஞ்சி அன்னிக்கு அப்படி இருந்துச்சு," என்றான் டெல்மர். "வேற என்ன சொல்ல?"

ரிக்கின் கைக்குட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கத்துவதற்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் கடைக்காரி வாயால் 'மோசம்' என்ற சொல் வந்துவிட்டதல்லவா. நிகழ்ச்சியின் இயக்குநர் பெண் கையைக் காட்டினாள். வெளியே இஞ்சின் நின்றது. லாரியின் பின்கதவு தடாலென்று திறந்தது.

மார்லிஸ் எழுந்து காபி ஜாடியை எடுத்தாள். பத்து வயது குறைந்துவிட்ட மாதிரி இருந்தாள். கவுண்டர் ஓரமாக எங்கள் எதிரில் வந்து நின்றாள்.

"இவ்வளவு ஆனப்புறம் இதையும் கேட்டுடறேன். காபியாவது நல்லா இருக்கா?"

கேமரா எங்கள் பக்கம் திரும்பியது.

நாங்கள் கோப்பைக்குள் பார்த்தோம். கோப்பை நிறையக் காபி இருந்தது. அதன் வழியே அடியில் இருந்த பூப்போட்ட டிசைன் பளிச்சென்று தெரிந்தது.

"பரவாயில்ல, மார்லிஸ்," என்றோம்.

அவள் டெல்மரைப் பார்த்தாள்.

டெல்மர் தன் கோப்பையை ஒரே மடக்கில் காலிசெய்து அவள் முன்னால் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றான்.