கலங்கிய கிணறு

தமிழர்-மலையாளிகள் எல்லைப் போராட்ட முழக்கங்கள் பாறசாலைச் சுவர்களில் இன்னும் ஈரமாக இருக்கும் முற்பகல். கிருபாபாயின் கிணற்றடியில் பத்துப் பேர் கம்புகளோடு நிற்கிறார்கள். வாளியில் வந்த தண்ணீர் அரிசி களைந்ததுபோல் வெளுத்துக் கலங்கியிருக்கிறது. "அடுத்த வீட்டு மலையாளத்தான் மோகனனாக்கும் வெஷம் கலக்கினது" என்று ஞானையன் கம்பை ஓங்குகிறான். கிருபாபாய் அவனைத் திரும்பிப் பார்க்காமல், கயிற்றில் நனையாத பகுதியை முழம் போடுகிறாள். நேற்றுப் பன்னிரண்டு முழம் இறக்கினால்தான் எட்டிய தண்ணீர், ஒரு சொட்டு மழை இல்லாமல், இன்று எட்டு முழத்துக்கு ஏறியிருக்கிறது. "எலே ஞானையா, வெஷம் போட்டா வெள்ளம் நாலு முழம் ஏறுமா? அடியில பூமியாக்கும் அசையுது" என்றவள், ஒரு கை அள்ளிக் குடிக்கிறாள். வெதுவெதுப்பாக, மண் ருசியோடு இறங்குகிறது. தென்னையில் கட்டிய ஆடு கயிற்றை இழுத்துக் கத்துகிறது. வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு மோகனனின் மனைவி ஷியாமளா ஓடி வந்து தன் வாளியைப் பக்கத்தில் வைக்கிறாள். அதே வெளுப்பு. "கிருபா சேச்சீ, ஞங்கட கெணத்திலயும் வெள்ளம் கலங்கி." கிருபாபாய் வாயைத் துடைத்துக்கொள்கிறாள். "பிள்ளையள தூக்கிட்டு வயலுக்கு எறங்குங்க, ரெண்டு வீட்டுக்காரரும்." ஞானையனின் கம்பு இன்னும் உயரத்திலேயே நிற்கிறது. யாரும் தொடாத இரண்டு வாளிகளிலும் தண்ணீர் ஒரே நேரத்தில் வளையம் போடுகிறது.