பொறுமைப் பட்டை

பொறுமையை அளக்கும் கைப்பட்டை வந்ததும் முதல் ஆளாய் வாங்கி மாட்டிக்கொண்டவன் இளமாறன். இப்போது வேளச்சேரி வெயிலில் மூன்றாவது ஆட்டோக்காரரும் அவனை ஏற்ற மறுத்தார்.

"நாப்பதுக்குக் கீழ இருந்தா ஏத்தக்கூடாது சார். உங்களுக்கு முப்பத்தொண்ணு."

"பொண்ணு பாக்கப் போறேண்ணே! இப்பவே லேட்டு!"

"கத்தாதீங்க. இருபத்தெட்டு ஆயிடுச்சு."

கண்ணை மூடி மூச்சை இழுத்தான். பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். பத்தொன்பது.

அவன் பார்க்கப்போகும் பெண் நிவேதிகாவே கைபேசியில் அழைத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டு, சம்பந்தம் போச்சு என்று நின்றான். நிவேதிகா சிரித்தாள்.

"எனக்கு ஒம்பது. எங்க லிஃப்ட்டே என்னை ஏத்தாது. நடந்து வாங்க, நானும் எதிர்ல வரேன்."

நடந்தான். ஆட்டோ பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

"சார், எண்பது காட்டுது! ஏறுங்க!"

"வேணாம்ணே. அவங்களும் நடந்துதான் வராங்க."