சுவரில் இல்லாத பெயர்

டீக்கடையில் கேட்டதை நம்பி, யாரும் பார்க்காத நேரத்தில் விசைத்தறிக் கூடத்துச் சுவரில் கரியால் எழுதினார் மாரப்பன்: “போலியோ மருந்து ஊற்றும் நர்ஸ் பொய்க்காரி. பிள்ளைகளைக் கொல்ல வருகிறாள்.”

“எழுதினவன் மடையன்” என்று கீழே ஒருவர் எழுதினார். “நீதான் மடையன்” என்று இன்னொருவர். கூடமே படித்துச் சிரித்தது.

முகாமன்று ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஐஸ் பெட்டியோடு நர்ஸ் செல்வராணி சுவரருகே இருந்த மாரப்பனிடம் வந்து நின்றாள்.

“ஏனுங்ணா, இதை ஆருங்க எழுதுனது?”

“தெரியலீங்க, அம்மணி.”

எழுத்துகளை அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

“அறிவொளி வகுப்புல உங்க கையைப் புடிச்சு எழுதச் சொல்லிக்குடுத்தவ நானுங்ணா. இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதுங்களா?”

மாரப்பன் தலை கவிழ்ந்தது.

“மொதல்ல சொல்லிக்குடுத்தது உங்க பேரைத்தானுங்க. அதை மட்டும் எழுதாம உட்டுப்போட்டீங்களே.”