தரை காணாத கால்கள்

கோழிப்பண்ணைக் கூண்டிலேயே வளர்ந்த செம்பிக்கு ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. "நம் பழைய பாட்டு எங்கிருந்து வந்தது?" என்று கோழிகளின் பள்ளிக்கூடத்தில் கட்டுரை கேட்டிருந்தார்கள். சரியாகச் சொல்லாத கோழிக்குத் தீவனத் தொட்டி ஓரம் இடம் கிடையாது.

பாட்டிலோ ஒரு வரிதான் மிச்சம்: 'கிளறு, கிளறு, கீழே இருக்கு.'

"கீழே வெறும் கம்பிதானேக்கா இருக்கு? எதைக் கிளற?" என்று பக்கத்துக் கூண்டுப் பூவாத்தாளிடம் கேட்டது செம்பி.

"அடி கூறுகெட்டவளே, பாட்டு மனசுல தானாப் பொங்குறதுடி. அதுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்? அப்படியே எழுதிவை."

அன்று மத்தியானம் தீவனக் குழாய் நின்றுபோனது. பொழுது சாயும்வரை ஒரு தீவன மணிகூட விழவில்லை. கொட்டகையே அடங்கிக் கிடந்தது. அப்போது செம்பியின் கால் தானாகப் பின்னுக்கு இழுத்தது. மடக்கிப் பிடித்தும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால், பூவாத்தாளின் காலும் கிளறிக்கொண்டிருந்தது. மண்ணையே மிதித்தறியாத அத்தனை கால்களும் ஒரே தாளத்தில் கம்பியைக் கிளறின. யாரும் சொல்லித்தராத அடுத்த வரி எல்லாத் தொண்டையிலிருந்தும் கிளம்பியது: 'மண்ணைப் புரட்டினா மணி இருக்கு, மழை பேஞ்சா புழு இருக்கு...'

செம்பிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. பசியும் காலும் சேர்ந்து கட்டிய பாட்டல்லவா இது! கட்டுரை கிடைத்துவிட்டது என்று மூன்றாவது வரிக்குக் காது கொடுத்தபோது, குழாய் குலுங்கித் தீவனம் கொட்டியது. பாட்டு பாதியில் அறுந்தது.

"அக்கா, அடுத்த வரி?"

பூவாத்தாள் நிமிர்ந்தது. அதன் கண்ணில் ஒன்றுமே இல்லை. "எந்தப் பாட்டுடி?"

செம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தது. வாய் நிறையத் தீவனம் இருந்தது. எதைக் கேட்டோம் என்று அதற்கே நினைவில்லை.