சாம்பல்தலை வானம்பாடி

அவள் கரிசல் மண்ணில் குப்புறப் படுத்துத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருந்தாள்.

இருபதடி தள்ளி, ஒரு மண்கட்டியின் நிழலில் சின்னக் குழி. குழிக்குள் மண் நிறத்தில் ஏதோ ஒன்று.

அது கண் சிமிட்டியது. குருவி.

பின்னால் புல்டோசர் நின்றது. குருவி எழும்பிப் போய்த் திரும்பி உட்காருவதைப் பார்த்து, வண்டியை நிறுத்தி அவளைக் கூப்பிட்டவர் ஓட்டுநர் சங்கரபாண்டி.

அந்தக் கரிசல்காடு முழுக்க சோலார் தகடுகள் வரப்போகின்றன. அதற்கு முன் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தவள் அவள்; கையில் ஒரு பட்டியல் இருந்தது. அரிய பறவைகள் ஆறு. அவற்றில் ஒன்று கூடு வைத்திருந்தால் வேலை நிற்கும்.

மூன்று மாதமாக வண்டிகளுக்கு முன்னால் நடக்கிறாள். ஒன்றுகூட இல்லை.

இது பெட்டை. பட்டியலில் உள்ள ஒரு பறவையின் பெட்டைக்கும் இதே நிறம், இதே தடித்த அலகு. சேவலைப் பார்த்தால்தான் எது என்று உறுதியாகும்.

சேவல் வரட்டும்.

வந்தது. நீண்ட சீழ்க்கையோடு வானத்திலிருந்து விழுந்து, தரை தட்டும் முன் நிமிர்ந்து, கட்டிமேல் அமர்ந்தது.

சாம்பல் நிற உச்சந்தலை. கண்வழியே கறுப்புக் கோடு. கறுத்த வயிறு.

இன்னொரு முறை பார்த்தாள். வயிறு கறுப்பாகவே இருந்தது. பட்டியலில் உள்ளதற்கு வயிறு கறுக்காது.

“விசேஷமான குருவியா மேடம்?”

“இல்லண்ணே. வானம்பாடி. எல்லா எடத்துலயும் இருக்கும்.”

அவர் குழிக்குக் கிட்டே போனார். பெட்டை பறந்தது.

“மூணு முட்ட கெடக்கே. பொரிச்சுப் பறக்க எத்தன நாளாகும்?”

“இருவது நாளாவது வேணும்.”

“எனக்கு நாளைக்கு வரைக்குந்தான் சொல்லியிருக்காக.”

அவர் பிறகு வண்டியில் ஏறி, குழியைச் சுற்றிப் பாய் அகலத்துக்கு இடம் விட்டு, வளைத்து ஓட்டினார்.

அவள் தடுக்கவில்லை. படிவத்தில் ‘சாதாரணம்’ என்று எழுதினாள். சாயங்காலம் பெட்டை கூட்டில் இருந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்கள்.

மறுநாள் காலை சாலையிலிருந்தே அந்தத் திட்டு தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மழித்த மண். நடுவில் அது ஒன்றுதான் புல்லும் கட்டியுமாக நின்றது.

அதன்மேல் நான்கு காகங்கள்.

அவர் கத்திக்கொண்டே ஓடினார். அவள் ஓடவில்லை.

“ஒரு முட்டகூட இல்ல. பாத்துப் பாத்துத்தான மேடம் விட்டேன்” என்றார் திரும்பி வந்து.



அவர் வண்டியில் ஏறினார். பத்து மணிக்குள் நிலம் முழுவதும் ஒரே மட்டமாகிவிட்டது.