மங்களகரமான மொட்டைக் கடிதம்

"மூணாவது வாட்டி வர்றீங்க. இது மெஸ்ஸா, பள்ளிக்கூடமா? இங்க ஏது புள்ளைங்க?"

சகாதேவன் கல்லாவை விட்டு எழவே இல்லை.

அருணாதேவி அசரவில்லை. வட மாவட்ட மனித உரிமைக் கண்காணிப்புக் குழுவில் குழந்தைகள் பிரிவு அவள் பொறுப்பு. கைப்பையில் ஒரு மொட்டைக் கடிதம்: 'சகாதேவன் மெஸ்ஸில் ரெண்டு சிறுமிகள் பாத்திரம் கழுவுறாங்க. செவ்வாய் பதினோரு மணிக்கு வரவும்.' அறிவொளி வகுப்பில் புதிதாய்ப் படித்தவர்களின் கொட்டை எழுத்து. கல்யாணப் பத்திரிகைபோல நாலு மூலையிலும் மஞ்சள். மொட்டைக் கடித வரலாற்றில் இத்தனை மங்களம் இதற்குமுன் சேர்ந்ததில்லை.

அடுக்களை, மாடி, கிணற்றடி எல்லாம் பார்த்தாயிற்று. ஒருவரும் இல்லை.

"இன்னிக்கும் இல்லன்னா ஃபைலை மூட வேண்டியதுதான் மேடம்" என்றார் தொழிலாளர் ஆய்வாளர் ஆதிமூலம்.

அரைத்த கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள் சகாதேவன் மனைவி பச்சையம்மாள்.

"பொழப்பைக் கெடுக்க வந்த மகராசி! எங்க வேணா தேடு. விறகு ரூம் பக்கம் மட்டும் போவாத. நல்ல பாம்பு கெடக்கு!"

படியிறங்கப் போன அருணாதேவி நின்றாள். விறகு அறையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையே?

"பாம்புக்கு எதுக்குங்க வெளியில பூட்டு?"

சகாதேவன் முகம் வெளுத்தது. ஆதிமூலம் கையை நீட்டினார். சாவி வந்தது.

விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் இரண்டு சிறுமிகள். பெரியவள் சினேகாவுக்குப் பத்து வயது இருக்கும். சோடாப் பொடியில் வெந்துபோன விரல்கள்.

"எங்கள எங்க கூட்டிக்கினு போறீங்க?"

"மொதல்ல சாப்பிட. அப்புறம் ஸ்கூலுக்கு."

"உன் வாயாலதான்டி கெட்டேன்!" மனைவி மேல் பாய்ந்தான் சகாதேவன்.

"எனக்கு இன்னா தெரியும்? நாலு எழுத்து படிச்சிருந்தா இப்படி உளறுவேனா?" பச்சையம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

மீட்பு அறிக்கைக்குச் சாட்சி வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாது என்று அவள் ஊருக்கே கேட்கும்படி சொல்ல, ஆதிமூலம் மைப்பெட்டியைத் திறந்தார்.

இடது கட்டைவிரலை உருட்டி வைத்தாள். கணவன் அந்தப் பக்கம் திரும்பியதும், அரைத்த மஞ்சள் இன்னும் ஈரமாயிருந்த வலது கை விரலால் அறிக்கையின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.