துணைக்கு ஒரு பெண்

"ஒரே ஒரு ஆள் போதும்க்கா. 'கேஸ் நடந்தப்போ இவங்கதான் எங்களுக்குத் துணையா இருந்தாங்க'ன்னு ஒரு கையெழுத்து. உங்க பென்ஷன் பாஸாயிடும்" என்றாள் இளம் அதிகாரி.

"யார் பேரையும் சொல்லக் கூடாதும்மா" என்றாள் அக்கா.

அந்தத் துறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அடிபட்டவர்களையும் சீரழிக்கப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கூட்டிப்போய், கூடவே உட்கார்ந்திருக்கிற அரசாங்க வேலை. இருபத்தைந்து வருஷம். அதில் முதல் ஆறு வருஷம் தற்காலிகம். அந்த ஆறு வருஷப் பதிவேட்டில் அவள் பெயரே கிடையாது. குற்றவாளியின் ஆட்கள் தேடி வந்துவிடுவார்கள் என்று, 'துணைக்கு ஒரு பெண்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள் புண்ணியவான்கள். இப்போது அந்த ஆறும் சேர்ந்தால்தான் பென்ஷன்.

"அப்போ இருந்த ஆபீசர்?"

"போய்ச் சேர்ந்துட்டார்."

"இந்த மனுவுக்கு இன்னிக்குக் கடைசி நாள்க்கா. நாளைக்கு நானே நினைச்சாலும் முடியாது."

அக்காவுக்குத் தெரியாதா? மேசை மேசையாக அலைந்து செருப்புதான் தேய்ந்தது. வீட்டில் கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பென்ஷன் வந்தால்தான் மருத்துவ அட்டை. அட்டை இருந்தால்தான் மருந்து.

"பேரைச் சொன்னா, இப்ப குடும்பம் குட்டின்னு நிம்மதியா இருக்கறவங்க பிழைப்புல மண்ணு விழுந்துடும்மா."

"உங்க பிழைப்புல விழுந்தா பரவாயில்லையா?"



அப்போது அதிகாரியின் அம்மா உள்ளே வந்தாள். "சாப்பாட்டை மறந்துட்டு வந்துட்டியேடி" என்றவள், அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அம்மா, நாம முன்னாடி பழைய கோர்ட்டுக்குப் பக்கத்துலதானே இருந்தோம்? இவங்களை அங்க பார்த்திருக்கியா? பாவம்மா, அலையா அலையறாங்க."

அந்த அம்மா டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மகளைப் பார்த்தாள்.

"இல்லையே. யாருன்னே தெரியாது."

"நானும் இப்பத்தாம்மா பார்க்கறேன்" என்றாள் அக்கா அவசரமாக.

அதிகாரி பெருமூச்சு விட்டு, மனுவில் 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினாள்.

மாடிப்படியில் அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

அந்த அம்மாவைக் குறை சொல்லி என்ன பயன்? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், சாட்சி சொல்லிக் களைத்துத் தூங்கிப்போன நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கோர்ட்டை விட்டு இறங்கியவளிடம், "இனிமே எங்க என்னைப் பார்த்தாலும் தெரியாதுன்னே சொல்லிடுங்க, அப்பதான் பாப்பா எல்லாத்தையும் மறப்பா" என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியதே அக்காதான்.